பிழையை ஒளிக்காத வைத்தியர்

பிழையே செய்யாத வைத்தியர் எந்தத் தேசத்திலும் பிறந்ததில்லை. வக்கீல் செய்த தவறு அப்பீலில் திருத்தப்படலாம். கணக்கர் செய்த தவறு அடுத்த தணிக்கையில் வெளிவரலாம். வைத்தியர் செய்த தவறோ பல சமயங்களில் நோயாளியோடு சேர்ந்து சுடுகாட்டுக்குப் போய்விடுகிறது. அதைக் கண்டவர் அவர் ஒருவரே, சொல்லவேண்டியவரும் அவரே. சொல்லாவிட்டால் கேட்பார் இல்லை. இத்தகைய நிலையில் உண்மையைச் சொல்லத் துணிவு வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. அந்தத் துணிவு தம்மிடம் உண்டு என்று உலகமறியக் காட்டிய ஒரு பெரியாரின் சரித்திரத்தை நமது வாசகர்கள் அறிந்துகொள்வது நலம். ருஷ்யாவின் ரண சிகிச்சைக்குத் தந்தை என்று போற்றப்படும் நிக்கொலாய் இவானோவிச் பிரோகோவ் அவர்களே அந்தப் பெரியார்.

1810-ம் வருஷம் நவம்பர் மாதம் மாஸ்கோ நகரில் பிரோகோவ் பிறந்தார். அவருடைய தகப்பனார் ராணுவத்துக்கு உணவுப் பொருள் சேகரிக்கும் இலாகாவில் பொக்கிஷ உத்தியோகஸ்தர். குடும்பம் சௌகரியமாகவே வாழ்ந்துவந்தது. அப்பொழுது அந்த இலாகாவைச் சேர்ந்த ஒருவன் 30,000 ரூபிள் சர்க்கார் பணத்துடன் ஓடிவிட்டான். பணத்துக்குப் பொறுப்பாளி என்ற முறையில் தகப்பனாரின் சொத்து பறிபோயிற்று. பிறர் செய்த குற்றத்துக்குத் தாம் ஈடுகட்டிய அந்த மனிதர், மகன் சர்வகலாசாலையில் வாசித்துக்கொண்டிருக்கும்போதே காலமானார். பொறுப்பு என்ற சொல்லின் முழுப் பாரத்தையும் பிரோகோவ் இளமையிலேயே கண்டுவிட்டார்.

அவருடைய தமையனார் கீல்வாதத்தால் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, மாஸ்கோ சர்வகலாசாலை ஆசிரியரான மூகின் என்பவர் வந்து குணப்படுத்தினார். அதைக் கண்ட சிறுவன் வீட்டாரையெல்லாம் நோயாளிகளாகப் பாவித்து வைத்தியர் விளையாட்டு விளையாடத் தொடங்கினான். அந்த மூகின் அவர்களே பின்னர் யோசனை கூறி, 1824-ல் பிரோகோவைச் சர்வகலாசாலையில் சேர்ப்பித்தார். பையனுக்கு வயது 14 கூட நிரம்பவில்லை. 16 என்று எழுதிச் சேர்க்கவேண்டியிருந்தது.

அக்காலத்து மாஸ்கோவில் வைத்தியப் படிப்பு எப்படியிருந்தது என்பதைப் பிரோகோவ் முதுமையில் எழுதிய தமது வாழ்க்கைக் குறிப்புகளில் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். உயிருள்ள உடம்பில் ஒரு சிகிச்சையாவது செய்யாமல், ரத்தம் வாங்கவோ பல் பிடுங்கவோ கூடப் பழகாமல், அவர் வைத்தியர் என்ற பட்டத்தைப் பெற்று வெளியே வந்தார். பட்டத்துக்கும் அறிவுக்கும் உள்ள தூரத்தை ஆரம்பத்திலேயே உணர்ந்தவர் அவர். அதனால்தான் பின்னாளில் பட்டத்தின் மறைவில் ஒளிந்துகொள்ள அவருக்கு மனம் வரவில்லை போலும்.

1828-ல் தோர்ப்பத் நகரத்துச் சர்வகலாசாலைக்கு மேல்படிப்புக்காக அனுப்பப்பட்டார். ருஷ்ய சாம்ராஜ்யத்தின் பால்டிக் மாகாணத்தில் அக்காலம் இருந்த அந்நகரம் இன்று எஸ்தோனியா தேசத்தில் தார்த்து என்று வழங்குகிறது. வயிற்றினுள் செல்லும் மகா நாடியைக் கட்டுவதைப் பற்றி 1832-ல் அவர் எழுதிய ஆராய்ச்சிக்கு டாக்டர் பட்டம் கிடைத்தது. பிறகு பெர்லினுக்குச் சென்று ஐரோப்பாவின் சிறந்த ரண வைத்தியர்களிடம் பயின்றார். அங்கே அவர் கண்ட ஒரு விஷயம் அவரை வருத்திற்று. உடற்கூறு அறியாமலே கத்தியை எடுத்தவர்களும், கைத்திறத்தைக் காட்டுவதிலேயே கண்ணாயிருந்து, நோயாளி பிற்பாடு என்ன ஆனான் என்று விசாரிக்காதவர்களும் அங்கே பெயர் பெற்று விளங்கினார்கள். 1836-ல் தோர்ப்பத்திலேயே ரண சிகிச்சைப் பேராசிரியராக நியமனம் பெற்றபோது பிரோகோவுக்கு வயது 25.

உத்தியோகம் ஏற்ற அன்றே அவர் ஒரு விரதம் பூண்டார். மாணாக்கர்களிடத்தில் தமது தவறு எதையும் மறைப்பதில்லை. நோயை நிதானித்ததில் பிழையாயினும் சிகிச்சையில் பிழையாயினும் அதை உடனே வெளிப்படுத்திவிடுவது என்று தீர்மானித்தார். வகுப்பறையோடு இதை நிறுத்திக்கொள்ளவும் அவருக்குச் சம்மதமில்லை. தமது சிகிச்சைச் சாலையில் நடந்தவற்றைத் தொகுத்து 1837-ல் ஒரு புஸ்தகமாகவும், 1839-ல் மற்றொரு புஸ்தகமாகவும் ஜெர்மன் பாஷையில் பிரசுரித்தார். எந்த நோயைத் தவறாக நிதானித்தார், எந்தச் சிகிச்சையைச் செய்யவேண்டாத காலத்தில் செய்தார், எங்கே கை தவறிற்று, எவர் இறந்தார் என்பவையெல்லாம் அவற்றில் வெளிப்பட்டன.

இதன் அருமையை உணரவேண்டுமானால் அக்காலத்து நிலையை மனத்தில் கொள்ளவேண்டும். வைத்தியர்கள் புஸ்தகம் எழுதினால் தாங்கள் பிழைக்கவைத்தவர்களைப் பற்றி எழுதுவார்கள். இறந்தவர்களைப் பற்றி எழுதினால் நோயின் கடுமையையோ நோயாளியின் பலவீனத்தையோ குறை கூறுவார்கள். 26 வயதுப் பேராசிரியர் ஒருவர், உத்தியோகம் இன்னும் வேரூன்றாத காலத்தில், தம் கையாலேயே தமக்கு எதிராகச் சாட்சி எழுதி அச்சிட்டால் சக வைத்தியர்கள் முகம் சுளிப்பது இயல்பே. தொழிலின் மானம் போய்விடும், ஜனங்களுக்கு வைத்தியர்களிடத்தில் நம்பிக்கை குலைந்துவிடும் என்ற வாதம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. ஆயினும் தோர்ப்பத்தில் பிரோகோவின் மதிப்புக் குறையவில்லை. பிற்காலத்தில், ருஷ்யாவின் புகழ்பெற்ற உடலியல் விஞ்ஞானி இவான் பாவ்லாவ், தம்மைத் தாமே இவ்வளவு தயவின்றி விமர்சித்துக்கொண்ட நூலை வைத்திய உலகில் காண்பது அரிது என்னும் கருத்துப்பட இதைப் போற்றினார்.

1841-ல் தலைநகரான செயிண்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்த ராணுவ வைத்தியக் கலாசாலைக்குப் பிரோகோவ் மாற்றப்பட்டார். அங்கே அவர் பொறுப்பிலிருந்த ராணுவ ஆஸ்பத்திரியின் கதி பரிதாபமானது. காற்றோட்டமில்லாத அறைகளில் நோயாளிகள் நெருக்கமாகக் கிடந்தார்கள். ஒருவன் புண்ணிலிருந்து எடுத்த துணியை மற்றொருவன் புண்ணில் கட்டினார்கள். நோயாளிக்கு வரவேண்டிய இறைச்சியைச் சிப்பந்திகள் பங்கிட்டுக்கொண்டார்கள். இவற்றையெல்லாம் பிரோகோவ் எடுத்துக்காட்டியபோது நிர்வாகிகள் அவரைத் தங்கள் விரோதியாகவே பாவித்தார்கள். அவர் அசையவில்லை. இறந்தவர்களின் சடலங்களை ஆயிரக்கணக்கில் தாமே அறுத்துச் சோதித்தார். பிரேத பரிசோதனை என்பது வைத்தியரின் கணக்கைச் சரிபார்க்கும் தணிக்கை. உயிரோடிருக்கும்போது நாம் சொன்னது சரியா தவறா என்பதை அந்த மேஜை சொல்லிவிடும். அதற்கு அஞ்சாதவரே அதை அடிக்கடி நாடுவார்.

1847-ல் ஈதர் என்னும் மயக்க மருந்தைப் போர்க்களத்தில் உபயோகிக்க அவர் காக்கஸஸ் மலைநாட்டுக்குச் சென்றார். முன்னதாக அதைத் தம்மிடத்திலும் தம் உதவியாளரிடத்திலும் சோதித்துப் பார்த்தார். ஸால்ட்டா என்ற கிராமத்து முற்றுகையில், மற்றக் காயக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே சிகிச்சைகளைச் செய்தார். கத்தி பட்டும் கூக்குரல் எழாததைக் கண்ட சிப்பாய்கள் தாமே முன்வந்தார்கள். திரைபோட்டு நடத்துவதைவிடத் திறந்து நடத்துவதே நோயாளியின் நம்பிக்கையைப் பெறும் வழி என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை.

கிரிமியா யுத்தத்தில் 1854-ம் வருஷ முடிவில் செவஸ்தபோல் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, காயமடைந்தவர்கள் ஆயிரக்கணக்கில் சேற்றிலும் ரத்தத்திலும் கேட்பாரற்றுக் கிடந்தார்கள். கூவியவனுக்கு முதலில் சிகிச்சை. மௌனமாயிருந்தவன் மௌனமாகவே இறந்தான். பிரோகோவ் அவர்களைப் பிரித்து வகைப்படுத்தினார். உடனே சிகிச்சை செய்தால் பிழைப்பவர், பொறுத்துச் செய்யத்தக்கவர், சிறு காயக்காரர், பிழைக்க வழியில்லாதவர் என்று ஒழுங்கு செய்தார். எலும்பு முறிந்தவர்களுக்குக் காலை வெட்டுவதற்குப் பதிலாகச் சாந்துக் கட்டுப் போட்டுப் பல பேருடைய அங்கங்களைக் காப்பாற்றினார். எலேனா பாவ்லோவ்னா என்ற அரச குடும்பத்துச் சீமாட்டி அனுப்பிய ஸ்திரீகளின் சேவா சங்கம் அவருடைய மேற்பார்வையில் காயக்காரர்களுக்குத் தொண்டு செய்தது. மருந்தும் உணவும் களவு போகாமல் காவல் காத்ததும் அந்தப் பெண்மணிகளே.

தலைநகர் திரும்பியதும் ராணுவ நிர்வாகத்தின் சீர்கேடுகளை மறைக்காமல் எடுத்துரைத்தார். மேலிடத்தில் அவருக்கு ஆதரவு நீடிக்கவில்லை. கல்வி சம்பந்தமாக 1856-ல் அவர் எழுதிய கட்டுரை தேசமெங்கும் கிளர்ச்சியை உண்டாக்கிற்று. ஒடெஸ்ஸாவிலும் பிறகு கீவ் நகரிலும் கல்வி மண்டல அதிகாரியாக இருந்தார். பையன்களைப் பிரம்பால் அடிப்பதைக் கண்டித்தவர் அவரே. ஆயினும் 1859-ல் கீவில் அவர் பெயரால் வெளிவந்த விதிகளில் அத்தண்டனை குறைக்கப்பட்டதேயன்றி அடியோடு ஒழிக்கப்படவில்லை. இளம் பத்திரிகாசிரியரான தப்ரல்யூபவ் அதற்காக அவரைக் கடுமையாகத் தாக்கினார். பெரியோர்களும் தங்கள் கொள்கைக்கு முழுதும் ஒத்து நடப்பதில்லை என்பதற்கு இதுவும் ஓர் அத்தாட்சி. 1861-ல் உத்தியோகத்திலிருந்து அவர் நீக்கப்பட்டார்.

வின்னீத்ஸா நகரத்துக்கு அருகில், இன்று உக்ரேன் தேசத்தைச் சேர்ந்த விஷ்னியா கிராமத்தில் அவர் குடியேறினார். ஏழைக் குடியானவர்களுக்கு அங்கே சிகிச்சை செய்தார். அப்போது அவர் கண்ட ஓர் உண்மை அவருக்கே பாதகமானது. பெரிய ஆஸ்பத்திரிகளில் புண் சீழ்வைத்துச் சிப்பாய்கள் மடிந்த அதே சிகிச்சைக்குப் பின், குடிசையில் தனியாகப் படுத்திருந்த குடியானவன் சுகமாக எழுந்து நடந்தான். நோயாளிகளை நெருக்கி அடைத்த ஆஸ்பத்திரியே சாவுக்குக் காரணமாயிருந்தது என்பது இதிலிருந்து விளங்கிற்று. தம் ஆயுளின் சிறந்த பகுதியை அத்தகைய ஆஸ்பத்திரிகளில் செலவிட்டவர் அவர். இருந்தும் 1864-ல் வெளியிட்ட யுத்த ரண சிகிச்சை நூலில் அதை மறைக்காமல் எழுதிவைத்தார்.

இத்தாலியின் விடுதலை வீரர் கரிபால்டியின் வாழ்க்கையிலும் பிரோகோவுக்கு ஓர் இடம் உண்டு. 1862 ஆகஸ்ட் 29-ந் தேதி அஸ்ப்ரோமோந்தே என்னும் இடத்தில் கரிபால்டியின் கணுக்காலில் குண்டு பாய்ந்தது. குண்டு உள்ளே இருக்கிறதா இல்லையா என்பதில் வைத்தியர்கள் கருத்து வேறுபட்டார்கள். காலை எடுத்துவிடவேண்டும் என்ற பேச்சும் எழுந்தது. ஜெர்மனியில் ருஷ்ய மாணாக்கர்களின் மேற்பார்வையாளராக அப்போது இருந்த பிரோகோவ் அங்கே சென்று பார்த்தார். புண்ணைக் குத்திக் கிளறாமலே, குண்டு எலும்பில்தான் இருக்கிறது, காலை வெட்டவேண்டாம், அவசரப்படவும் வேண்டாம் என்று கூறினார். நவம்பர் மாதத்தில் குண்டு எடுக்கப்பட்டது, கால் தப்பியது. தாம் செய்த தவறுகளை இருபத்தைந்து வருஷங்களுக்கு முன்பே எண்ணிக் கணக்கெழுதிய வைத்தியருக்கு, கத்தியை எப்போது கீழே வைக்கவேண்டும் என்பதும் தெரிந்திருந்தது.

இனி அவருடைய கடைசி நாட்களைப் பார்ப்போம். நம் சிந்தனைக்குரிய முக்கியமான பாகம் இதுவே.

1881-ம் வருஷ ஆரம்பத்தில் பிரோகோவின் வாயில், மேலண்ணத்தில் ஒரு புண் தோன்றிற்று. அவ்வருஷம் மே மாதத்தில் அவருடைய ஐம்பது வருஷச் சேவையை மாஸ்கோ நகரம் பெரிய விழாவாகக் கொண்டாடியது. கொண்டாட்டத்தின் நடுவிலேயே, அவருடைய புண்ணைப் பரிசோதித்த பேராசிரியர் ஸ்க்லிபஸோவ்ஸ்கி, இது புற்று, உடனே சிகிச்சை செய்யவேண்டும் என்று அவரிடம் சொல்லிவிட்டார். கேட்டவர் கலங்கிப்போனார். மனைவியாரின் விருப்பப்படி, விவோத்ஸெவ் என்ற மாணாக்கர் துணையோடு வியன்னாவுக்குச் சென்று, ஐரோப்பாவில் இணையற்ற ரண வைத்தியரான பில்ரோத்திடம் புண்ணைக் காட்டினார். பில்ரோத் பார்த்துவிட்டு, இது புற்று அல்ல, அபாயமில்லாத புண், சிகிச்சை வேண்டாம் என்று தைரியம் சொன்னார். பிரோகோவ் புதிய உயிர் பெற்றவரைப்போல் ஊர் திரும்பினார்.

பில்ரோத்துக்கு உண்மை தெரிந்தே இருந்தது. முதற் பார்வையிலேயே அவர் புற்று என்று கண்டுகொண்டார். எழுபது வயதான மனிதர் சிகிச்சையைத் தாங்கமாட்டார், மிஞ்சியுள்ள நாட்களையாவது நிம்மதியாகக் கழிக்கட்டும் என்ற இரக்கத்தால் அப்படிச் சொன்னதாகப் பின்னர் விவோத்ஸெவுக்கு எழுதிய கடிதத்தில் விளக்கினார். இந்தப் பில்ரோத்தும் சாமானியர் அல்ல. ஜூரிச் நகரில் தாம் செய்த சிகிச்சைகளின் பலனை, இறந்தவர் தொகையையும் சேர்த்து, ஒளிவுமறைவின்றிப் பிரசுரித்த நேர்மையாளர். சக வைத்தியர்களிடம் உண்மையைச் சொல்ல அஞ்சாத அவரே, நோயாளியின் முகத்தைப் பார்த்தபோது பொய் சொல்லிவிட்டார்.

அந்தப் பொய் நெடுநாள் நிலைக்கவில்லை. புண் பரவிற்று, வேதனை மிகுந்தது. ஆயிரக்கணக்கான நோயாளிகளைக் கண்ட கண் தன் நோயையும் கண்டுகொண்டது. அக்டோபர் மாதத்தில் பிரோகோவ் ஒரு சிறு குறிப்பு எழுதினார். அதில் தம் நோய் புற்றே என்று லத்தீன் பெயரிட்டு நிர்ணயம் செய்தார். தம்மைப் பார்த்த வைத்தியர்கள் ஒருவரும் அதைச் சரியாக அறியவில்லை என்றும், அறிந்திருந்தால் மாஸ்கோ வைத்தியர்கள் சிகிச்சை செய்யச் சொல்லியிருக்கமாட்டார்கள், பில்ரோத் அபாயமில்லை என்று கூறியிருக்கமாட்டார் என்றும் அதில் எழுதிவைத்தார். 1881 டிசம்பர் 5-ந் தேதி விஷ்னியாவில் அவர் காலமானார். விவோத்ஸெவ் பதப்படுத்திய அவருடைய உடல் இன்றும் அங்கே ஒரு கோயிலில் பாதுகாக்கப்பட்டு வருகிறது.

அந்தக் குறிப்பை நாம் சற்று ஊன்றிக் கவனிக்கவேண்டும். இரக்கத்தினால் பில்ரோத் சொன்ன பொய் என்ன பலனைத் தந்தது? சில வாரங்களுக்கு நிம்மதி கிடைத்தது உண்மை. அதற்குப் பின், பில்ரோத் நோயை அறியாமல் பிழை செய்தார் என்ற முடிவோடு பிரோகோவ் கண்ணை மூடினார். மெய்யைச் சொன்ன ஸ்க்லிபஸோவ்ஸ்கியும் அந்தக் குறிப்பில் பிழைபட்டவராகவே நின்றார். இரண்டு வாக்குகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டபோது நோயாளிக்கு இரண்டிலும் நம்பிக்கை போய்விட்டது. தம்முடைய தவறுகளை உலகறிய எழுதியவருக்கு, தம்முடைய உடம்பைப் பற்றிய உண்மையை மட்டும் பிறர் வாயிலாக ஐயமின்றி அறியும் பாக்கியம் கிடைக்கவில்லை.

பிரோகோவின் வாழ்க்கை நமக்குக் காட்டும் வழி பாதி தூரம் வரையில்தான் செல்கிறது என்பதையும் சொல்லவேண்டும். அவர் தம் பிழைகளை மாணாக்கர்களிடமும் சக வைத்தியர்களிடமும் சொன்னார்; அச்சிட்டார். அது பெருஞ்செயல். ஆனால் பிழையால் துன்புற்றவன் அந்தப் புஸ்தகத்தை வாசித்தவன் அல்லன். வாழ்நாள் முழுவதும் ஊனத்தைச் சுமக்கப்போகிறவன் நோயாளி. தலைமகனை இழந்தது குடும்பம். அவர்களுக்குத் தெரியாமல் வைத்தியர்கள் தங்களுக்குள் ஒப்புக்கொள்ளும் பிழை, தொழிலைத் திருத்துமேயன்றிக் கடனைத் தீர்க்காது. உண்மை யாருடைய உடம்பைப் பற்றியதோ அவருக்கே அது முதலில் சொந்தம்.

இதற்கு வைத்தியர்கள் சொல்லும் ஆட்சேபங்களை நாம் அறியாமலில்லை. உண்மையைச் சொன்னால் கோர்ட்டுக்கு இழுப்பார்கள் என்பது ஒன்று. நோயாளியின் மனம் உடைந்துவிடும் என்பது மற்றொன்று. இரண்டிலும் நியாயம் சிறிது உண்டு. சொல்வதற்கு நேரமும் தன்மையும் பார்த்துச் சொல்லவேண்டும் என்பதை யார் மறுக்கிறார்கள்? ஆனால் எப்படிச் சொல்வது என்ற கேள்வி, சொல்லாமலே விட்டுவிடுவதற்குச் சாக்காகிவிடக் கூடாது. மறைத்த தவறு வெளிப்படும்போது எழும் கோபம், ஒப்புக்கொண்ட தவற்றால் எழும் வருத்தத்தைவிடப் பன்மடங்கு கொடியது. வயிற்றினுள் விட்டுவிட்ட பஞ்சுச்சுருளைப் பற்றி நோயாளிக்கு உடனே சொன்னால் மறுநாளே எடுத்துவிடலாம். மறைத்தால் சீழ்வைத்து அவன் சாகவும் நேரும். இங்கே உண்மையே மருந்தாகிறது.

உலகம் இத்திசையில் சிறிது நகர்ந்திருக்கிறது. சிகிச்சையில் கடுமையான தீங்கு நேர்ந்தால் அதை நோயாளிக்குத் தெரிவித்து வருத்தம் கூறவேண்டும் என்று இங்கிலாந்தில் பொது ஆஸ்பத்திரிகளுக்கு 2014-ல் சட்டபூர்வமான கடமை விதிக்கப்பட்டது. நம் தேசத்தில் 2002-ல் வெளியான வைத்தியர் ஒழுக்க விதிகள், நோயின் கடுமையைக் கூட்டியும் குறைத்தும் சொல்லலாகாது என்கின்றன. நோயாளி கேட்டால் அவருடைய சிகிச்சைப் பதிவுகளை 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்றும் கட்டளையிடுகின்றன. ஏட்டில் விதி இருந்தால் மட்டும் போதாது. கேட்கும் தைரியம் ஜனங்களுக்கு வரவேண்டும். சொல்லும் தைரியம் வைத்தியர்களுக்கு வரவேண்டும். உண்மையைச் சொன்ன இளம் வைத்தியரைத் தண்டித்து, மறைத்தவருக்குப் பதவி உயர்வு கொடுக்கும் நிர்வாகம் இருக்கும்வரையில் இவ்விரண்டும் வரமாட்டா.

பொதுவாழ்வில் ஈடுபட்டுள்ள நமது வாசகர்களுக்கு இவ்விஷயத்தில் ஒரு கடமை உண்டு. ஊரில் ஓர் ஆஸ்பத்திரியில் சாவு நேர்ந்தால் கூட்டம் கூடிக் கண்ணாடியை உடைப்பதும் வைத்தியரை அடிப்பதும் எளிது. அதனால் மறைக்கும் புத்தி இன்னும் வளருமேயல்லாது குறையாது. நடந்தது என்ன என்று குடும்பத்தாருக்கு எழுத்து மூலமாகத் தெரிவிக்கும்படி வற்புறுத்துவதும், நேர்மையாகச் சொன்ன வைத்தியருக்குப் பக்கபலமாக நிற்பதும் கடினமான காரியங்கள், பயனுள்ளவையும் அவையே. இருபத்தாறு வயதில் பிரோகோவ் தமக்கு எதிராக எழுதிய சாட்சியினால் ருஷ்ய வைத்தியத்தின் மானம் போகவில்லை, உயர்ந்தது. நம்முடைய ஆஸ்பத்திரிகளின் மானமும் அந்த வழியிலேதான் உயரவேண்டும்.